மணிக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே

எங்கள் ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மருந்து சிஸ்டர், சமையல் சிஸ்டர், பிரசவ சிஸ்டர் என்று வேலையை வைத்துத்தான் எல்லோருக்கும் பெயர். நான் சொல்லப் போகிறவர் கரண்ட் சிஸ்டர். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், லாண்டரி மெஷின், ஃப்யூஸ் பெட்டி என்று எதெல்லாம் சுழலுமோ, சுடுமோ, ஷாக் அடிக்குமோ அதெல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளை அங்கிக்கு மேல் ஒரு காக்கி ஏப்ரன் கட்டியிருப்பார். இடுப்பில் தொங்கும் ஜெபமாலையோடு சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சாவியும் தொங்கும். பீரோ சாவி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து வேலைக்கு வந்து சேர்வேன். நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு சிலுவை போட்ட வாசலுக்குள் நுழைகிறவன் நான் ஒருவன்தான். அதை யாரும் அங்கே ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. கரண்ட் சிஸ்டருக்கு என்மேல் இருந்த மனக்குறை வேறு. என் எக்ஸ்ரே மெஷின் ஒரு தரம் 'டக்' என்று வேலை செய்தால் ஜெனரேட்டர் முனகும். "எக்ஸ்ரே சார், படம் புடிக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு குரல் குடுங்க. லாண்டரிய நிறுத்திக்கறேன். சொல்லாம கொள்ளாம இழுத்தா எஞ்சின் என்ன நெனைக்கும்?" என்பார். எஞ்சின் என்ன நினைக்கும் என்று கவலைப்பட்ட ஒரே மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில் கரண்ட் வெட்டு உயிரை வாங்கியது. அப்போதுதான் அந்த எஞ்சின் வந்தது. எங்கெங்கோ நன்கொடை திரட்டி வாங்கியது. பொருத்துவதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பின்கட்டு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு எஞ்சினை இறக்கி, பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டியை நிறுத்தினார். அதன் முகத்தில் வட்ட வட்டமாக மீட்டர்கள், கீழே சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள். சூட்டு மீட்டரில் இரண்டு முட்கள் இருக்கும். கறுப்பு முள் எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும், ஏறும், இறங்கும். சிவப்பு முள் தானாக அசையாது. சாவியைத் துளையில் விட்டுத் திருகி, நாம் எங்கே வைக்கிறோமோ அங்கே நிற்கும். கறுப்பு போய்ச் சிவப்பைத் தொட்டால் எஞ்சின் தானே நின்றுவிடும். சிஸ்டரின் இடுப்புச் சாவி அதற்குத்தான் என்று பின்னால்தான் எனக்கு விளங்கியது.

மெக்கானிக் எல்லாவற்றையும் காட்டி முடித்ததும் சிஸ்டர் கேட்டார்: "தொட்ட ஒடனே நின்னுடுமா?"

"ஆமாங்க சிஸ்டர். எஞ்சினுக்கு ஒரு சேதமும் வராது."

"எஞ்சினுக்கு வராது. ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கறவங்களுக்கு?"

மெக்கானிக் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நிக்கறதுக்கு முன்னால ஒரு மணி அடிக்கணும் தம்பி. மனுஷன் வந்து பாக்கறதுக்குக் கொஞ்சம் எடம் விடணும். மணி அடிக்கற எடம் வேற, நிக்கற எடம் வேற."

அப்படி எதுவும் கம்பெனி தரவில்லை என்றார் அவர். சிஸ்டர் பாலக்கரையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், உடைந்த டிராக்டரிலிருந்து அதே மாதிரி இன்னொரு மீட்டரைக் கழற்றி வாங்கி வந்தார். பொன்மலையில் பிறந்து வளர்ந்தவர், ரயில்வே பட்டறைச் சங்குக்குக் கண் விழித்த வீட்டுப் பெண், அதனால் ஸ்பானர் பிடிக்கக் கூச்சம் இல்லை. வாங்கி வந்த மீட்டர் மணிக்கு, கம்பெனி மீட்டர் நிறுத்தத்துக்கு என்று ஆயிற்று.

சிவப்பு முட்களை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சித்திரை பிறந்தது, மணி தினமும் மத்தியானம் அடித்தது. எஞ்சினை ஓட்டுகிறவர் அருளப்பன், ஆம்புலன்ஸ் டிரைவரும் அவரேதான். முதல் இரண்டு நாள் ஓடிப் போய்ப் பார்த்தார், மூன்றாம் நாள் நடந்து போனார், அப்புறம் பீடியை முடித்துவிட்டுப் போனார். சிஸ்டர் அதைக் கவனித்தார். அருளப்பனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தெனம் அடிச்சா அது மணியா? புஸ்தகத்துல போட்டிருக்கறது எந்த ஊரு சூடு? திருச்சி வெயில்ல எஞ்சினுக்கு எது சாதாரணம்னு முதல்ல தெரியணும்" என்று கொட்டகைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போகும்போதெல்லாம் அந்த அடுப்பில் உட்கார்ந்து கறுப்பு முள் எங்கே வந்து சமாதானமாகிறது என்று பார்ப்பார். அதற்குக் கொஞ்சம் மேலே மணிக்கான முள்ளை வைத்தார். அதற்கும் மேலே, எஞ்சின் கெட்டுப்போகிற சூட்டுக்கு நன்றாகக் கீழே, நிறுத்த முள்ளை வைத்தார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் மணி அடிக்கவே இல்லை. அடிக்காத மணிமேல் எல்லோருக்கும் ஒரு மரியாதை வந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பெட்டியின் சட்டங்களை அவர் மனிதர்களுக்கும் போட ஆரம்பித்ததுதான் வேடிக்கை. எஞ்சினைக் கிளப்பியவுடன் எண்ணெய் அழுத்தம் இருக்காது. அந்த நேரத்தில் விளக்கு எரிந்தால் அது பொய்க் குற்றம். அதனால் எஞ்சின் கிளம்பிச் சில நொடிகள் வரை பெட்டி வாயைத் திறக்காது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, காலை டியூட்டிக்கு வரும் நர்ஸ் பெண்களை வந்தவுடன் யாரும் திட்டக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். "இப்பதான் கெளம்பியிருக்கு, அழுத்தம் ஏறட்டும்" என்பார். நர்ஸ் பெண்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

இன்னொன்று. ஒரு கோளாறில் எஞ்சின் நின்றால் மற்ற விளக்குகளும் பின்னாலேயே எரியும். நின்ற எஞ்சினில் எண்ணெய் அழுத்தமும் இருக்காது அல்லவா? எது காரணம், எது விளைவு என்று குழம்பும். சிஸ்டர் ஒயர்களை மாற்றிப் பூட்டி, முதலில் எரிந்த விளக்கு மட்டும் அணையாமல் நிற்கும்படி செய்தார். ஆள் நேரில் வந்து பார்த்து, பொத்தானை அமுக்கினால்தான் அது அணையும். பிறகு சமையல்கட்டில் இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டாலும், வார்டில் மாமியாரும் மருமகளும் கத்தினாலும், சிஸ்டர் நடுவில் வந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"மொதல்ல எந்த வெளக்கு எரிஞ்சது?"

கேட்டவர்கள் விழிப்பார்கள். விழிக்கிற நேரத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும். யோசித்துப் பார்த்தால், சாம்பார் வாளி கவிழ்ந்தது கடைசி விளக்காக இருக்கும். முதல் விளக்கு போன வாரம் யாரோ யாரையோ பார்த்துச் சிரித்ததாக இருக்கும்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எல்லோருக்கும் இரண்டு முள் வைக்கிற இந்த அம்மாளுக்குள் முட்கள் எங்கே இருக்கின்றன? கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை. வீட்டில் கோமளாவிடம், அதாவது என் மனைவியிடம், தினமும் இதைத்தான் அளப்பேன். "ஏன்னா, ஒரு கன்யாஸ்திரீ அம்மாவை இப்படியா ஆராய்ச்சி பண்ணுவா? அவாளுக்கும் பகவான் இருக்கார், அவர் பாத்துப்பார்" என்று அவள் சிரிப்பாள். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், உங்களுக்கு மணி எங்க வச்சிருக்கீங்க?"

"சொன்னா நீங்க அதுவரைக்கும் வருவீங்க, எக்ஸ்ரே சார்" என்றார். ஸ்பானரைத் துடைத்தபடி போய்விட்டார்.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு தப்புச் செய்தார். எங்கள் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கேயும் நடக்க முடியாத தப்பு அது. எச்சரிக்கை மணிக்கு அவர் போட்டிருந்தது சிற்றாலயத்திலிருந்து கழற்றிய பழைய மின்சார மணி. அங்கே புதுசு வாங்கியதும் இது சும்மா கிடந்தது. நல்ல கணீர் என்ற மணி, வீணாக்குவானேன் என்று எடுத்து மாட்டிவிட்டார். தினமும் பகல் பன்னிரண்டுக்கு ஆலய மணி அடிக்கும், மூவேளை ஜெபத்துக்கு. அடித்தவுடன் நடக்கிறவர்கள் நடக்கிற இடத்தில் நிற்பார்கள். கை வேலையை வைத்துவிட்டுத் தலை குனிவார்கள். நானும் மரியாதைக்கு நிற்பேன்.

அடுத்த பங்குனியில் ஒருநாள், பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், கரண்ட் இல்லாத வேளையில், மணி அடித்தது. பழகிய சத்தம். தாழ்வாரம் முழுவதும் அப்படியே நின்றது. நர்ஸ்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அருளப்பன் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டோர் ரூம் வாசலில் கரண்ட் சிஸ்டர், கையில் பல்போடு, தானே மாட்டிய மணிக்குத் தானே தலை குனிந்து நின்றார். நான் ஈரம் சொட்டும் எக்ஸ்ரே படத்தைப் பிடித்தபடி அவர் எதிரில் நின்றேன். மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததில்தான் சந்தேகம் வந்து அவர் நிமிர்ந்தார். எங்கள் இருவர் கண்களும் சந்தித்தன. அவர் ஓட ஆரம்பிப்பதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

ஆபரேஷன் அறைக்குள் டாக்டரம்மா ஒரு நோயாளிக்குக் குடல் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் இல்லாத அறை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு முடித்தார்கள். நோயாளி பிழைத்துக்கொண்டார். எஞ்சினில் பார்த்தால், ரேடியேட்டர் முகம் முழுக்க வேப்பம்பூ அப்பிக் கிடந்தது. காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறியிருக்கிறது.

டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு வந்தார். "அந்தச் சிவப்பு முள்ளப் புடுங்கி எறியுங்க சிஸ்டர். எஞ்சின் வெந்து போனா போகட்டும். என் கை உள்ள இருக்கும்போது வெளக்கு அணையக் கூடாது."

"எஞ்சின் வெந்து போச்சுன்னா நாளைக்கு டேபிள்ல படுக்கறவங்களுக்கு எது டாக்டர்?"

"எனக்கு முன்னால படுத்திருக்கற ஒருத்தரத்தான் எனக்குத் தெரியும்."

"எனக்கு நாளைக்கு வர்றவங்களையும் தெரியணும்."

இரண்டு பேரும் சரி. அதுதான் கஷ்டம். விவகாரம் மடத்துத் தலைவியான மதரிடம் போனது. மதர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். இந்த எஞ்சின் போனால் இன்னொன்றுக்கு வழி கிடையாது என்று சொல்லிவிட்டார். கன்னியாஸ்திரிக்கு எதற்கு எஞ்சின் வேலை என்று சபைக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. அதைத் தடுத்து நிறுத்தி வைத்திருந்தவரும் மதர்தான். "எஞ்சினுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கள நான் இங்க வச்சுக்க முடியாது சிஸ்டர்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சிஸ்டர் தலையாட்டினார். அந்தக் கொட்டகையை விட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சில வாரம் யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபரேஷன் அறைச் சுவரில் ஒரு ஸ்விட்ச் வைத்தார். ஆபத்து மணி அடிக்கும்போது உள்ளேயும் ஒரு விளக்கு எரியும். நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா நினைத்தால், யாரையாவது விட்டு அந்த ஸ்விட்சைத் திருப்பச் சொல்லலாம். திருப்பினால் நிறுத்த முள்ளுக்கு அதிகாரம் போய்விடும். கொட்டகையில் ஒரு பச்சை விளக்கு எரியும். திருப்பாவிட்டால் பழையபடி எஞ்சின் நின்றுவிடும். "கத்தி யார் கையில இருக்கோ அவங்கதான் தீர்மானிக்கணும். நான் தீர்மானிக்க மாட்டேன்" என்று மதரிடம் வாக்குக் கொடுத்தார். ஆலய மணியைக் கழற்றிவிட்டு ஒரு லாரி ஹாரனை மாட்டினார். முதல் சோதனையில் பால்காரர் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "இதுக்கு யாரும் ஜெபம் பண்ண மாட்டாங்க" என்றார் சிஸ்டர். ரேடியேட்டருக்கு முன்னால் வேப்பம்பூவுக்காக ஒரு வலையும் கட்டினார். மரத்தை வெட்டச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வைகாசி மத்தியானம், கோமளாவை அதே ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். இரண்டாவது பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். கதவு சாத்திக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. இருந்தாலும் என்னால் கதவுக்கு வெளியே உட்கார முடியவில்லை. கால் தானாகக் கொட்டகைக்குப் போனது. வாசலில் நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், மறுபடி மீட்டர் பக்கம் திரும்பினார்.

சற்று நேரத்தில் எஞ்சினுக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். காற்றாடியைச் சுற்றும் பெல்ட் அறுந்து சுருண்டு விழுந்தது. கறுப்பு முள் ஏறத் தொடங்கியது. லாரி ஹாரன் அலறியது. அருளப்பன் கிணற்றடிக்கு ஓடினார், வாளி வாளியாக ரேடியேட்டர்மேல் தண்ணீரை வீசினார். முள் தயங்கியது, மறுபடி ஏறியது. நாங்கள் மூன்று பேரும் பச்சை விளக்கைப் பார்த்தோம். அது எரியவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. குழந்தை நீலம் பாரித்து, மூச்சில்லாமல் வெளியே வந்திருக்கிறது. ஒரு நர்ஸ் சின்ன மோட்டாரால் அதன் தொண்டையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி டாக்டரம்மாவோடு சேர்ந்து கோமளாவின் ரத்தத்தை நிறுத்திக்கொண்டிருந்தாள். சுவரில் எரிந்த விளக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கறுப்பு முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் பக்கவாட்டில், டீசலை அடைக்கும் லீவர் 'டக்' என்று இழுபட்டது. அதே கணத்தில் சிஸ்டர் ஏப்ரனைக் கையில் சுற்றிக்கொண்டு லீவரை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தார். எஞ்சின் ஒருமுறை விக்கியது, பிறகு ஓடியது. ஆவி சீறியது. சுடுகிற வாடை வந்தது. நான் பதறிப்போய் அவரோடு சேர்த்துப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க சார். இது என் கையாவே இருக்கட்டும்."

அவர் முகத்தில் வேர்வை வழிந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம் வர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போதும், விட்டுவிடுங்கள் என்று எந்தப் புருஷன் சொல்வான்? எனக்கு என் மனைவி வேண்டும், குழந்தை வேண்டும். எஞ்சின் எரிந்து சாம்பலாகட்டும் என்றுதான் அந்த நேரத்தில் பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

ஒரு நர்ஸ் தாழ்வாரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். "அழுதுடுச்சு! கொழந்த அழுதுடுச்சு! பொண்ணு! அம்மாவுக்கும் ரத்தம் நின்னுடுச்சு!"

சிஸ்டர் கையை எடுத்தார். லீவர் அடங்கியது, எஞ்சின் கிறீச்சென்று நின்றது. பிறகு அது அந்தக் கொட்டகையில் ஓடவே இல்லை. பிஸ்டன் இறுகி, சிலிண்டர் தலை வெடித்துவிட்டது என்றார்கள்.

மதர் விசாரித்தார். டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "ஸ்விட்ச நாங்க திருப்பல. வெளக்க நான் பாக்கவே இல்ல" என்றார். சிஸ்டர் ஒரு வரியில் முடித்தார்: "அவங்க கேக்கல மதர். நான்தான் புடிச்சேன்." கொப்புளம் கட்டிய கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் சொன்ன வார்த்தை சொன்னதுதான். வடக்கே எங்கேயோ ஒரு பெண்கள் விடுதிக்கு மாற்றல் வந்தது. அங்கே சுழலுவதற்கு மாவரைக்கும் கல்கூட இல்லை என்று அருளப்பன் விசாரித்து வந்து சொன்னார்.

ஜங்ஷனில் வழியனுப்ப நானும் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு தண்ணீர்க் கூஜா. இடுப்பில் ஜெபமாலை மட்டும் இருந்தது, சாவி இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், குழந்தை பால் குடிக்கிறதா, கோமளாவுக்குத் தையல் ஆறிவிட்டதா என்றெல்லாம் கேட்டார். பதில் சொல்லிவிட்டு, பிரசவ நாளிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"நீங்களே மதர் கிட்ட வாக்குக் குடுத்தீங்க. நீங்களே மீறினீங்க. அன்னிக்கு மொதல்ல எந்த வெளக்கு எரிஞ்சது, சிஸ்டர்?"

அவர் சிரித்தார். "கேப்பீங்கன்னு தெரியும். பெல்ட்டு, சூடு, ஹாரன் எல்லாம் அப்புறம் சார். அதுக்கெல்லாம் முன்னாடியே நீங்க கொட்டகை வாசல்ல வந்து நின்னீங்க பாருங்க. உங்க மொகம்." சாவி தொங்கிய இடத்தைக் கையால் தொட்டார். "அதுக்கு நான் முள்ளே வச்சிருக்கல."

நான் அழுதுவிட்டேன். பிளாட்பாரத்தில் எத்தனை பேர் பார்த்தார்களோ, தெரியாது.

ஸ்டேஷன் மணி அடித்தது.

"மணி அடிச்சாச்சு சார். தள்ளி நில்லுங்க" என்றார்.

நான் தள்ளி நிற்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன்.